ஊழலை ஒழிக்கும் சட்டமும் கல்வியும்

ஒரு வெள்ளியைக் கொண்டு இன்று என்ன வாங்கலாம்? பெரும்பாலான காப்பிக் கடைகளில் ஒரு கோப்பை காப்பிகூட வாங்க முடியாது. ஆனால், அந்த ஒரு வெள்ளிக்காக 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இருவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்கள் ஒரு கொள்கலன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களாக வேலை பார்த்தவர்கள். கொள்கலன்களை எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் வந்த லாரி ஓட்டுநர்களைக் காக்க வைக்காமல் இருப்பதற்காக, ஒரு வெள்ளி அளவில் லஞ்சம் பெற்றார்கள் என்பதே அவர்கள்மீதான குற்றச்சாட்டு.

“ஒரு வெள்ளிதானே! இதற்கும் வழக்கா?” என்று கேட்கத் தோன்றும். இத்தகைய பழக்கம் ஓர் இடத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்போம். பணம் கொடுத்த ஓட்டுநரின் வேலை விரைவாக முடிகிறது. கொடுக்காதவர் வெயிலில் காத்துக் கிடக்கிறார். காத்திருப்பதால் அன்று அவர் ஏற்றிச் செல்லும் சுமை குறைகிறது, வருமானமும் குறையலாம். ஆகவே, மறுநாள் அவரும் ஒரு வெள்ளியை நீட்டுகிறார். சில வாரங்களில் எல்லாரும் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் சலுகைக்காகக் கொடுத்த பணம், பின்னர் கொடுக்காவிட்டால் வேலையே நடக்காது என்ற நிலையை உண்டாக்கிவிடுகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டாவதாக ஒரு விலை ஏற்பட்டுவிடுகிறது. ஊழல் இப்படித்தான் ஒரு சமுதாயத்தில் மெல்ல மெல்லப் பரவுகிறது.

இதனைச் சட்டத்தால் மட்டும் நிறுத்திவிட முடியுமா? கல்விக்கு இதில் என்ன பங்கு? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

ஊழல் என்பது எது?

நம்பி ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தையோ பொறுப்பையோ ஒருவர் தம் சொந்த நன்மைக்காகத் தவறாகப் பயன்படுத்துவதே ஊழல். ‘ஊழ்த்தல்’ என்ற சொல்லுக்குப் பதனழிதல் என்னும் பொருள் உண்டு. ஒரு பழம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அழுகியிருக்கலாம். அதுபோலவே, வெளிப்பார்வைக்கு ஒழுங்காக நடப்பதுபோல் தோன்றும் அலுவலகமோ நிறுவனமோ உள்ளே கெட்டுப்போயிருக்கலாம்.

ஊழலின் வடிவங்கள் பல. பொதுப் பணத்தைக் கையாடுவது ஒரு வகை. தகுதியுள்ளவரை ஒதுக்கிவிட்டு உறவினருக்கு வேலை கொடுப்பது மற்றொரு வகை. நாம் அதிகமாகக் கேள்விப்படுவது லஞ்சம். கையூட்டு என்பதும் இதுவே. ‘காப்பிக் காசு’, ‘அன்பளிப்பு’, ‘சின்ன உதவி’ என்று இதற்குப் பல செல்லப் பெயர்களும் உண்டு. பெயர் இனிமையாக இருப்பதால் செயல் நல்லதாகிவிடாது. லஞ்சம் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விலையுயர்ந்த கைக்கடிகாரம், இலவச வெளிநாட்டுப் பயணம், பிள்ளைக்கு ஒரு வேலை ஆகிய எதுவும் லஞ்சமாகலாம்.

கண்ணில் படாத மூன்றாம் ஆள்

திருட்டுக்கும் லஞ்சத்திற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வீட்டில் திருட்டுப் போனால், பொருளை இழந்தவர் உடனே காவல் நிலையத்திற்கு ஓடுகிறார். லஞ்சத்தில் அப்படி நடப்பதில்லை. கொடுத்தவருக்கு வேலை முடிந்தது. வாங்கியவருக்குப் பணம் கிடைத்தது. இருவருமே மனநிறைவோடு பிரிகிறார்கள். இருவருமே அதை மறைக்க விரும்புகிறார்கள். அப்படியானால் இழந்தவர் யார்?

இழந்தவர் அந்த இடத்திலேயே இருப்பதில்லை. வாகனம் ஓட்டத் தெரியாத ஒருவர், தேர்வாளருக்கு லஞ்சம் கொடுத்து ஓட்டுநர் உரிமம் பெற்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். அதனால் ஆபத்துக்கு உள்ளாகிறவர், சில மாதங்களுக்குப் பின் சாலையைக் கடக்கப்போகும் ஒரு பாட்டியாகவோ பள்ளிச் சிறுவனாகவோ இருக்கலாம். தமக்கு எதிராக ஒரு குற்றம் நடந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. இவர்களையே நாம் ‘மூன்றாம் ஆள்’ என்கிறோம்.

இது வெறும் கற்பனை இல்லை. சிங்கப்பூரைப் போலவே மக்கள் அடுக்குமாடி வீடுகளில் நெருக்கமாக வாழும் நகரம் ஹாங்காங். அங்கு 1980களில், பொதுக் குடியிருப்புக் கட்டடங்கள் சிலவற்றின் கான்கிரீட் உதிரத் தொடங்கியது. சோதனை செய்தபோது 26 கட்டடங்களின் கான்கிரீட் போதிய வலிமையின்றி இருப்பது தெரியவந்தது. புலன்விசாரணையில், கட்டுமானப் பணியில் நடந்த ஊழல் வெளிப்பட்டது. அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட வேண்டியதாயிற்று. கட்டுமானத்தில் யாரோ சிலர் ஆதாயம் தேடினர். அதற்கான விலையை அந்த வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் கொடுத்தன.

புகார் செய்ய ஆள் இல்லாத குற்றம் லஞ்சம். ஊழலை ஒழிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

வேலியே பயிரை மேய்ந்தபோது

இன்று சிங்கப்பூர் ஊழல் குறைந்த நாடுகளுள் ஒன்றாக உலக அளவில் மதிக்கப்படுகிறது. ‘டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல்’ என்னும் அனைத்துலக அமைப்பு 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட ஊழல் தொடர்பான தரவரிசையில், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளுக்கு அடுத்து மூன்றாம் இடத்தை நம் நாடு பெற்றது. ஆனால், தொடக்கத்திலிருந்தே நிலைமை இப்படி இருக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் லஞ்சம் பல துறைகளில் பரவியிருந்தது. 1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பொங்கோல் கடற்கரையில் ஏறத்தாழ 1,800 பவுண்டு எடையுள்ள அபின் கொள்ளையடிக்கப்பட்டது. அதன் மதிப்பு சுமார் 400,000 வெள்ளி. கொள்ளைக் கும்பலில் காவல்துறைத் துப்பறிவாளர்கள் மூவரும் இருந்தது பின்னர் தெரியவந்தது. ஊழலை விசாரிக்கும் பிரிவும் அப்போது காவல்துறைக்குள்ளேயே இயங்கியது. காவலர்கள் செய்த குற்றத்தைக் காவலர்களே எப்படி நடுநிலையாக விசாரிப்பது? வேலியே பயிரை மேய்ந்தால் பயிரைக் காப்பது யார்?

இந்தக் கேள்விக்கு விடையாக, 1952ஆம் ஆண்டில் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தனி அமைப்பாக நிறுவப்பட்டது. அது காவல்துறையின் கட்டுப்பாட்டில் இல்லை. ஆயினும், தொடக்க ஆண்டுகளில் சட்டம் வலுவாக இல்லாததால் அப்பிரிவினால் விரைந்து செயல்பட முடியவில்லை. 1959இல் தன்னாட்சி பெற்ற பிறகு அமைந்த அரசாங்கம், 1960இல் லஞ்ச ஊழல் தடுப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது.

சட்டத்தின் வலிமை

அந்தச் சட்டத்தின் சில கூறுகளை அறிந்துகொள்வது நமக்குப் பயன்தரும்.

முதலாவதாக, வாங்குபவர் மட்டுமன்றிக் கொடுப்பவரும் குற்றவாளியே. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 100,000 வெள்ளி வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அரசாங்க ஒப்பந்தங்களில் லஞ்சம் கைமாறினால் சிறைத்தண்டனை ஏழாண்டு வரை நீளலாம். இவற்றோடு, வாங்கிய லஞ்சத்திற்கு ஈடான தொகையையும் தண்டமாகக் கட்ட நீதிமன்றம் ஆணையிடும்.

இரண்டாவதாக, இச்சட்டம் அரசாங்க ஊழியர்களுக்கு மட்டும் உரியதன்று. தனியார் நிறுவனங்களில் வேலை செய்பவர்களையும் அது கட்டுப்படுத்துகிறது. கொள்கலன் கிடங்கின் ஓட்டுநர்கள்மீது வழக்குத் தொடுக்க முடிந்ததும் இதனால்தான்.

மூன்றாவதாக, “எங்கள் தொழிலில் இது வழக்கம்” என்று சொல்லி ஒருவர் தப்பிக்க முடியாது. அத்தகைய வழக்கத்தைச் சான்றாகக் காட்டுவதையே சட்டம் ஏற்பதில்லை. ஊழல் பெரும்பாலும் வழக்கம் என்ற போர்வைக்குள்தான் ஒளிந்துகொள்கிறது. சட்டம் அந்தப் போர்வையை விலக்கிவிட்டது.

நான்காவதாக, அரசாங்கத்தோடு தொழில்தொடர்பு உடைய ஒருவரிடமிருந்து அரசாங்க ஊழியர் பணமோ பரிசோ பெற்றிருந்தால், அது லஞ்சம் என்றே முதலில் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அந்த ஊழியரின் பொறுப்பு. மேலும், சிங்கப்பூர்க் குடிமக்கள் வெளிநாட்டில் லஞ்சக் குற்றம் புரிந்தாலும் இங்கு அவர்கள்மீது வழக்குத் தொடுக்கலாம்.

சட்டத்தை எழுதி வைத்தால் மட்டும் போதாது. பெரியவர், சிறியவர் என்று பாராமல் அதனை நடைமுறைப்படுத்த வேண்டும். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிரதமர் அலுவலகத்தின்கீழ் இயங்குகிறது. ஒரு விசாரணைக்குப் பிரதமரே இசைவு தர மறுத்தாலும், அதிபரின் ஒப்புதலோடு அதனைத் தொடர அரசமைப்புச் சட்டம் வழிசெய்துள்ளது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஒருவருக்கு 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பொதுப் பணியில் இருந்துகொண்டு, அப்பணியோடு தொடர்புடையவர்களிடமிருந்து மதிப்புமிக்க பொருள்களைப் பெற்றதும் நீதிக்கு இடையூறு செய்ததும் அவர் ஒப்புக்கொண்ட குற்றங்கள். ஒரு வெள்ளி வாங்கிய ஊழியரானாலும் அமைச்சரானாலும் சட்டம் கேள்வி கேட்கும் என்பதை இத்தகைய வழக்குகள் உணர்த்துகின்றன.

சட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு

இவ்வளவு வலிமையான சட்டம் இருக்கும்போது கல்வி எதற்கு? இக்கேள்விக்கு விடை காண, ஹாங்காங்கின் வரலாறு நமக்குத் துணைபுரியும். சிங்கப்பூரைப் போலவே அதுவும் ஆங்கிலேயர் ஆண்ட துறைமுக நகரம். அங்கும் காவல்துறையிலிருந்தே பெரிய சிக்கல் எழுந்தது.

1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் ஹாங்காங்கில் அன்றாட வாழ்வே லஞ்சத்தில் சிக்கியிருந்தது. நம் ஊர்க் ‘காப்பிக் காசு’ போல அங்கே ‘தேநீர்க் காசு’ இருந்தது. நோயாளியை ஏற்றிச் செல்ல வந்த ஆம்புலன்ஸ் ஊழியர்கள் முதலில் தேநீர்க் காசு கேட்டனர். மருத்துவமனையில் குடிக்கத் தண்ணீர் பெறுவதற்கும் சிலர் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. மக்கள் மனத்துக்குள் புழுங்கினாலும், ‘உலகம் இப்படித்தான்’ என்று பொறுத்துக்கொண்டனர்.

1973ஆம் ஆண்டில் பீட்டர் காட்பர் என்னும் உயர் காவல் அதிகாரியிடம் 4.3 மில்லியன் ஹாங்காங் டாலருக்கும் மேற்பட்ட செல்வம் இருப்பது தெரியவந்தது. சம்பளத்தைக் கொண்டு சேர்த்திருக்கவே முடியாத தொகை அது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே அவர் விமானம் ஏறி இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டார். மக்கள் கொதித்தெழுந்தனர். விக்டோரியா பூங்காவில் கூடி, அவரைப் பிடித்து வர வேண்டும் என்று முழக்கமிட்டனர். அந்தப் போராட்டத்தில் மாணவர்கள் முன்னணியில் நின்றனர்.

இந்த இடத்தில் சட்டம் ஒரு சுவரில் மோதியது. கணக்குக் காட்ட முடியாத செல்வத்தை வைத்திருப்பது ஹாங்காங் சட்டப்படி குற்றம். ஆனால், இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படியொரு குற்றமே அப்போது இல்லை. ஆகவே, அதைக் காரணமாகக் காட்டி அவரைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. லஞ்சம் வாங்கியதற்கு நேரடிச் சாட்சி தேவைப்பட்டது. இறுதியில், காட்பருக்கு லஞ்சம் போனதை அறிந்த காவல் அதிகாரிகளே சாட்சி சொல்ல முன்வந்தனர். அதன் பிறகே 1975ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் திருப்பிக் கொண்டுவரப்பட்டு நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மில்லியன் கணக்கான செல்வத்தைக் கண்டுபிடித்த சட்டமும், வாய் திறந்து உண்மையைச் சொல்லும் மனிதருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்று கால்களில் நின்ற ஆணையம்

காட்பர் விவகாரத்திற்குப் பிறகு, 1974ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஹாங்காங்கில் ஊழலுக்கு எதிரான சுதந்திர ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்கு மூன்று துறைகள் இருந்தன. முதல் துறை குற்றங்களைப் புலனாய்வு செய்தது. இரண்டாம் துறை, ஊழலுக்கு இடம்கொடுக்கும் நடைமுறைகளைக் கண்டறிந்து மாற்ற உதவியது. எடுத்துக்காட்டாக, ஓர் உரிமம் வழங்கும் முடிவு ஒரே அதிகாரியின் கையில் இருந்தால் அங்கே லஞ்சம் நுழைய வாய்ப்பு உண்டு. விதிகளைத் தெளிவாக எழுதி, முடிவை இன்னொருவர் சரிபார்க்கும்படி செய்தால் அந்த வாய்ப்புக் குறையும். மூன்றாம் துறையின் பணி மக்களுக்குக் கல்வி புகட்டுவது.

இந்த மூன்றாம் துறையின் முயற்சிகள் பல. குடியிருப்புப் பகுதிகளில் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. மக்கள் அச்சமின்றி உள்ளே சென்று பேச முடிந்தது. உண்மை வழக்குகளைத் தழுவிய தொலைக்காட்சி நாடகங்கள் தயாரிக்கப்பட்டன. பள்ளிகளுக்கு நேர்மை பற்றிய பாடப்பொருள்கள் வழங்கப்பட்டன.

மாற்றம் எளிதில் வந்துவிடவில்லை. 1977ஆம் ஆண்டில், தங்களுள் பலர் கைது செய்யப்படுவதை எதிர்த்துக் காவலர்கள் கிளர்ச்சி செய்தனர். சிலர் ஆணையத்தின் அலுவலகத்திலும் புகுந்தனர். நிலைமையைத் தணிக்க, அவ்வாண்டுக்கு முன் நடந்த குற்றங்கள் பலவற்றுக்கு ஆளுநர் மன்னிப்பு வழங்க நேரிட்டது. ஒரு தலைமுறையே பழகிப்போன தவற்றைச் சிறைச்சாலையால் மட்டும் திருத்த முடியாது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

ஆயினும், மக்களின் மனம் மாறிக்கொண்டிருந்தது. தொடக்க காலத்தில் ஆணையத்திற்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை பெயர் குறிப்பிடப்படாதவை. மக்கள் பழிவாங்கலுக்கு அஞ்சினர். ஆண்டுகள் செல்லச் செல்ல, தம் பெயரைக் கூறிப் புகார் செய்வோரே பெரும்பான்மையினர் ஆயினர். அச்சம் குறைந்து நம்பிக்கை வளர்ந்ததற்கு இதைவிடச் சிறந்த அடையாளம் வேறு வேண்டுமா?

கல்வி கற்றுத் தருவது என்ன?

‘படித்தவர்களும் ஊழல் செய்கிறார்களே!’ என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பெரிய ஊழல்களில் சிக்கியவர்களுள் பலர் உயர்கல்வி பெற்றவர்கள். எனவே, இங்குக் கல்வி என்று நாம் சொல்வது தேர்வில் பெறும் புள்ளிகளை இல்லை. நேர்மையாக வாழ்வதற்குத் தேவையான பார்வையையும் பழக்கத்தையும் தரும் கல்வியையே குறிப்பிடுகிறோம்.

அந்தக் கல்வி முதலில் மூன்றாம் ஆளைப் பார்க்கக் கற்றுத் தருகிறது. “இதனால் யாருக்கு என்ன நட்டம்?” என்ற கேள்வி மனத்தில் எழுந்தாலே பாதிக் குற்றம் நின்றுவிடும்.

இரண்டாவதாக, பரிசுக்கும் லஞ்சத்திற்கும் உள்ள வேறுபாட்டை அது தெளிவாக்குகிறது. தீபாவளிக்கு அண்டை வீட்டார் கொடுக்கும் பலகாரம் அன்பின் அடையாளம். அதே பலகாரப் பெட்டிக்குள், ஒப்பந்தம் வேண்டிக் காத்திருக்கும் ஒருவர் பணத்தை வைத்து அதிகாரியிடம் கொடுத்தால் அது லஞ்சம். ஐயம் ஏற்பட்டால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். நான் இந்தப் பொறுப்பில் இல்லாவிட்டால் இவர் இதைக் கொடுப்பாரா? இதற்குப் பதிலாக என்னிடம் ஏதேனும் எதிர்பார்க்கிறாரா? நான் இதை வாங்கியதை எல்லார் முன்னிலையிலும் கூச்சமின்றிச் சொல்ல முடியுமா?

மூன்றாவதாக, மறுக்கும் முறையையும் புகார் செய்யும் முறையையும் அது கற்பிக்கிறது. பலர் கெட்ட எண்ணத்தால் தவறுவதில்லை. எப்படி மறுப்பது என்று தெரியாமல் தவறுகிறார்கள். “மன்னிக்கவும், என் வேலைக்கு எனக்குச் சம்பளம் கிடைக்கிறது” என்று பணிவோடு சொல்லிவிடலாம். தெரிந்த தவற்றைப் புகார் செய்பவரின் அடையாளத்தைச் சிங்கப்பூர்ச் சட்டம் பாதுகாக்கிறது. அதே சமயத்தில், பிறரைப் பழிவாங்க வேண்டும் என்று தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். இவற்றைப் பற்றி மக்கள் அறிந்துகொள்வதற்காகவே 2017ஆம் ஆண்டில் விட்லி ரோட்டில் ஊழல் புகார் மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. அங்குப் புகார் செய்யவும் வசதி செய்யப்பட்டது. ஊழலுக்கு எதிரான நம் நாட்டின் வரலாறும் காட்சிக்கூடத்தில் இடம்பெற்றது.

உலக நாடுகளும் கல்வியின் பங்கை ஏற்றுக்கொண்டுள்ளன. 2003ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் நிறுவனம் ஊழலுக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. ஊழலைச் சகித்துக்கொள்ளாத மனப்பான்மையை வளர்க்கப் பொதுக்கல்வித் திட்டங்கள் வேண்டும் என்றும், அவற்றுள் பள்ளி, பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களும் இடம்பெற வேண்டும் என்றும் அதன் 13ஆம் விதி கூறுகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 9ஆம் நாள் அனைத்துலக ஊழல் எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மாணவர்களும் நேர்மையும்

லஞ்சம் பெரியவர்களின் சிக்கல் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. அதன் விதை சிறு வயதிலேயே விழுந்துவிடலாம். பள்ளி வாயிலில் பணியாற்றும் மாணவத் தலைவர் ஒருவர், தாமதமாக வந்த நண்பரின் பெயரை எழுதாமல் விட்டுவிடுகிறார். பதிலுக்கு அந்த நண்பர் உணவு இடைவேளையில் அவருக்குப் பானம் வாங்கித் தருகிறார். தொகை சிறியதுதான். ஆனால், இங்கும் ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறார். அதிகாலையில் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, நேரத்தோடு வந்து சேர்ந்த மாணவர் அவர். விதி அவருக்கு மட்டும்தானா?

குழுப் பணியில் எந்த வேலையும் செய்யாத ஒருவர், மற்றவர்களுக்கு உணவு வாங்கிக் கொடுத்துத் தம் பெயரையும் சேர்த்துக்கொள்வதும் இத்தகையதே. விடுமுறையில் பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவர்களும் கவனமாக இருக்க வேண்டும். முதலாளிக்குத் தெரியாமல், பொருள் விற்க வரும் ஒருவரிடம் ‘கமிஷன்’ வாங்கிக்கொண்டு அவருடைய பொருளை மட்டும் கடையின் முன்வரிசையில் அடுக்கினால், அது சட்டப்படியும் குற்றமாகலாம்.

“நண்பனைக் காட்டிக்கொடுப்பது துரோகம் ஆகாதா?” இது மாணவர்களிடம் இயல்பாக எழும் கேள்வி; எளிதில் விடை சொல்ல முடியாத கேள்வியும்கூட. நட்புக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். அதனால், முதலில் நண்பரிடமே தனியாகப் பேசலாம். தவற்றில் நாம் பங்கெடுக்க மாட்டோம் என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்கும் பயன் இல்லையென்றால், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்வதே முறை. நாம் வாய் மூடி இருக்கும்போது, நட்பைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, நமக்கு முகம் தெரியாத மூன்றாம் ஆளைக் கைவிட்டுவிடுகிறோம். சிறு தவற்றிலேயே தடுத்து நிறுத்தினால், நண்பர் பிற்காலத்தில் பெருங்குற்றத்தில் விழாமலும் காக்கலாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

முடிவுரை

சட்டம் இருந்தும் மக்களிடம் விழிப்புணர்வு இல்லையென்றால் குற்றங்கள் வெளியே வருவதில்லை. விழிப்புணர்வு இருந்தும் சட்டம் வலுவாக இல்லையென்றால் உண்மையைச் சொன்னவரே துன்பப்படுவார். கல்வி இல்லாத சட்டம் கண்ணில்லாதது. சட்டம் இல்லாத கல்வி கையில்லாதது. கண்ணும் கையும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

ஊழல் குறைந்த நாடு என்ற பெயர் நமக்குத் தானாக வந்ததன்று. ஒருமுறை கிடைத்தால் என்றும் நிலைத்திருக்கும் என்பதும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகக் காத்துக்கொள்ள வேண்டும். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் நாளை அதிகாரிகளாகவும் பொறியாளர்களாகவும் வணிகர்களாகவும் பொறுப்பேற்பார்கள். யாரோ ஒருவர் மேசைக்குக் கீழே ஓர் உறையை நீட்டும் நாளும் வரலாம். அப்போது பக்கத்தில் ஆசிரியரும் இருக்க மாட்டார், காவலரும் இருக்க மாட்டார். அந்த அறையில் இல்லாத மூன்றாம் ஆளை நினைத்துப் பார்த்து, “வேண்டாம்” என்று சொல்லும் துணிவு மட்டுமே அப்போது துணைநிற்கும். அந்தத் துணிவை வளர்த்துக்கொள்ள வேண்டிய காலம் பள்ளிப் பருவமே.